மைலேஜாரும் மச்சானின் தொட்டியும்

சலூன் நாற்காலியில் உட்கார்ந்து, வெள்ளைத் துணியைக் கழுத்தில் சுற்றிவிட்டால், அதற்கப்புறம் மனுஷன் எங்கே ஓடுவான்? தலை இன்னொருத்தர் கையில். கத்தி காதுக்குப் பக்கத்தில். அந்த நேரத்தில் யார் என்ன சொன்னாலும் "ஆமாங்க, ஆமாங்க" என்றுதான் சொல்லியாக வேண்டும். இந்த ஒரே வசதியை வைத்துக்கொண்டு ஊரில் பாதிப் பேரை ஹைபிரிட் கார் வாங்க வைத்தவர்தான் மைலேஜார்.

அவருக்கும் பெற்றவர்கள் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அது பாங்க் பாஸ்புக்கில் பத்திரமாக இருக்கிறது. அந்தப் பாஸ்புக்கில் பெயரைத் தவிர வேறொன்றும் இல்லை. மற்றபடி ஊருக்கு அவர் மைலேஜார். பெண்டாட்டிகூடக் கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவார்.

முன்னால் அவரிடம் ஒரு பழைய கார் இருந்தது. ஸ்டார்ட் பண்ணினால் தெரு முழுக்க இருமும். பெட்ரோல் பங்க்கைக் கண்டால் ஸ்டியரிங்கைத் தொடாமலே உள்ளே திரும்பிவிடும், வீட்டுக்குத் திரும்புகிற மாடு மாதிரி. கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு தடவை தாகம் எடுக்கும், சிக்னலில் நின்றால் இன்னொரு தடவை எடுக்கும். அந்தக் காரை விற்றுவிட்டு ஹைபிரிட் வாங்கிய அன்றைக்குப் பிடித்தது சனி. காருக்கு இல்லை, வாய்க்கு.

"வண்டிக்குள்ள ரெண்டு பேரு இருக்கானுங்க" என்று ஆரம்பிப்பார், சீப்பைத் தண்ணீரில் முக்கிக்கொண்டே. "ஒருத்தன் பெட்ரோல் குடிக்கிறவன், ஒருத்தன் குடிக்காதவன், பேட்டரிக்காரன். சிக்னல்ல நின்னா குடிக்கிறவன் தூங்கிருவான். மெதுவாப் போனா குடிக்காதவனே இழுத்துட்டுப் போயிருவான். பிரேக் போட்டோம்னு வைங்க, அந்த வேகத்தையே தின்னு வயித்தை ரொப்பிக்குவான். நம்ம வீட்ல யாராச்சும் இப்படி இருக்கோமா?"

"அப்போ எப்பத்தாங்க பெட்ரோல் போடுவீங்க?" என்று நாற்காலியில் இருப்பவர் கேட்பார். கேட்கவில்லை என்றால் தலையைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்துக் கேட்க வைப்பார்.

"ஞாபகம் வந்தா போடுவேன்."

வண்டி உண்மையில் லிட்டருக்கு இருபத்துநாலு கிலோமீட்டர் கொடுத்தது. காலையில் முதல் தலைக்கு இருபத்துநாலு என்றுதான் சொல்வார். பத்து மணித் தலைக்கு அது இருபத்தெட்டு ஆகும். மத்தியானம் முப்பத்திரண்டு. சாயங்காலம் ஷேவிங்குக்கு வருகிறவர்களிடம், "இப்பெல்லாம் பெட்ரோல் ஊறுது சார், டேங்க்குல" என்று சொல்கிற அளவுக்குப் போய்விடும். முடியை வெட்டுகிற கை, கணக்கை மட்டும் வளர்த்துக்கொண்டே இருந்தது.

ஓட்டுவதும் ஒரு தினுசு. காலுக்கடியில் முட்டை இருப்பது மாதிரி ஆக்ஸிலேட்டரை மிதிப்பார். நன்றாக ஓட்டினால் கண்ணாடிக்குப் பக்கத்தில் இருக்கும் திரையில் பச்சை இலை முளைக்கும். அந்த இலைக்காக அவர் எதை வேண்டுமானாலும் விட்டுக்கொடுப்பார். நடந்து போகிறவர்கள் காரை ஓவர்டேக் பண்ணியிருக்கிறார்கள். ஒருநாள் கைத்தடி ஊன்றிய பெரியவர் ஒருவர் தாண்டிப் போய், திரும்பி நின்று, "வண்டி ரிப்பேரா தம்பி? தள்ளணுமா?" என்று கேட்டார்.

பக்கத்து சீட்டில் இருந்த மனைவி, "என்னங்க, நான் இறங்கி நடந்து போயி வீட்ல டீ போட்டு வைக்கட்டுமா? நீங்க வர்றதுக்குள்ள ஆறிடும், ரெண்டாவது தடவையும் போட்டு வைக்கிறேன்" என்றார்.

கிண்டல் பண்ணுவாரே தவிர அவரும் லேசுப்பட்டவர் இல்லை. முன்னால் காரை எடுக்க யோசித்த குடும்பம், இப்போது ஊசி வாங்கக் காரில் போனது, நூல் வாங்க மறுபடி காரில் போனது. "மைலேஜ் குடுக்குதுல்ல" என்பார் மனைவி. தூரத்தில் இருந்த காரணத்தால் இத்தனை வருஷம் நிம்மதியாக இருந்த சொந்தக்காரர்களை எல்லாம் தேடித் தேடிப் போய்ப் பார்த்தார்கள். அப்படியும் டேங்க் முள் அசையவில்லை, சுவரில் ஆணி அடித்த மாதிரி நின்றது.

இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்திருக்கும், சலூன் வேறு எங்கேயாவது இருந்திருந்தால். இருந்தது பெட்ரோல் பங்க்குக்குள்ளே.

பங்க் அவருடைய மாமனார் கட்டியது. மாமனார் போன பிறகு மச்சான் நடத்தினார், அதாவது மனைவியின் அண்ணன். பங்க் வாசலில், காற்றடிக்கிற மிஷினுக்குப் பக்கத்தில் இருந்த ஓர் அறையைத் தங்கைக்குக் கல்யாணம் ஆனபோது மாப்பிள்ளைக்கு ஒதுக்கிக் கொடுத்தார்கள். ஒரே மீட்டரிலிருந்து கரண்ட், ஒரே குழாயிலிருந்து தண்ணீர். பெட்ரோல் போட வருகிறவன் கண்ணாடியில் தன் மூஞ்சியைப் பார்த்து, "அடடா, முடி வளர்ந்துடுச்சே" என்று உள்ளே வருவான். பங்க் இல்லையென்றால் சலூனும் இல்லை. இது சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். மைலேஜாருக்கும் தெரியும். ஆனால் அவர் நாக்குக்குத் தெரியாதே!

"எங்கண்ணன் குடுத்த ரூம்ல உக்காந்துக்கிட்டு எங்கண்ணன் யாவாரத்துக்கே குழி வெட்டுறீங்களே, உங்களுக்கே நல்லா இருக்கா?" என்று மனைவி கேட்டார்.

"நான் எங்க வெட்டுறேன்? நான் முடிதான் வெட்டுறேன். நான் ஒருத்தன் சொல்லித்தான் உலகத்துல பெட்ரோல் விக்காமப் போயிருமா?"

மச்சான் மட்டும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவர் அப்படிப்பட்ட ஆள். பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் தொண்டையைச் செருமிவிட்டுப் போய்விடுவார். தங்கை புருஷன் என்றால் மரியாதை கூடுதல். மாப்பிள்ளை மைலேஜ் பேச்சை எடுத்தால், துணியை எடுத்துக்கொண்டு பம்பைத் துடைக்கப் போய்விடுவார். அந்தப் பம்ப் அவ்வளவு பளபளப்பாக இருந்ததற்குக் காரணமே மைலேஜாரின் வாய்தான்.

ஒரு பழக்கம் இருந்தது அவர்களுக்குள்ளே. மாப்பிள்ளை காருக்கு மச்சான்தான் பெட்ரோல் போடுவார். வேலையாட்களைக் குழாயைத் தொட விடமாட்டார். பழைய கார் இருந்த காலத்தில் வாரத்தில் ரெண்டு மூணு தடவை இது நடக்கும். பெட்ரோல் இறங்குகிற நேரம்தான் அவர்கள் பேசுகிற நேரம். அம்மா முட்டி வலி எப்படி இருக்கு, பொண்ணு படிக்கிறாளா, கூரையில ஒழுகுதே, பாத்தீங்களா, எல்லாம் அந்த நேரத்தில்தான். குழாய் 'டக்' என்று நின்றால் பேச்சும் நின்றுவிடும். ஹைபிரிட் வந்த பிறகு குழாய் எடுப்பதே அபூர்வம் ஆனது. எடுத்தாலும், "அம்மாவுக்கு" என்று மச்சான் ஆரம்பிப்பார், 'டக்'. முட்டி வலி பாதியிலேயே நின்றுவிடும்.

பங்க் மெலிந்துகொண்டே வந்தது. முதலில் ராத்திரி ஆட்களை நிறுத்தினார். அப்புறம் பகல் ஆட்கள் வேறு வேலை பார்த்துக்கொண்டு போனார்கள். ஒரு பம்பைப் பிளாஸ்டிக் தாளால் மூடிக் கயிறு கட்டி வைத்தார், ஊருக்குப் போகிறவர்கள் சோபாவை மூடி வைக்கிற மாதிரி. கடைசியில் குழாய் பிடிக்க, காசு வாங்க, கண்ணாடி துடைக்க எல்லாமே மச்சான்தான். எண்ணெய்க் கம்பெனியிலிருந்து ஒரு அதிகாரி வந்து, சின்ன பங்க்குகளுக்குப் பெட்ரோல் லோடு அனுப்பக் கட்டுப்படியாகவில்லை, ஒழுங்காக எடுக்காத பங்க்கை லிஸ்ட்டிலிருந்து தூக்கிவிடுவோம் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். அவர் வந்த காரும் ஹைபிரிட்.

சலூன் டிவியில் ஒருநாள் கோட் போட்ட ஒருவர் எண்ணெய் தேவையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பின்னால் ஒரு கோடு, மலை ஏறுகிற மாதிரி ஏறி, உச்சிக்குப் போனதும் என்ன பண்ணுவது என்று தெரியாமல் படுத்துவிட்டது. காற்று மிஷினைச் சரிபார்க்க வந்த மச்சான் வாசலில் நின்று பார்த்தார்.

"இந்தக் கோடு இதுக்கு மேல எங்க மாப்ள போகும்?"

"அதெல்லாம் ஏறும் மச்சான். படம் போடுறவனுக்குக் கை வலிச்சிருக்கும்" என்றார் மைலேஜார்.

மச்சான் சிரிக்கவில்லை. தொண்டையைச் செருமிவிட்டுப் போனார். மைலேஜார் டிவியை அணைத்தார். அன்றைக்குப் பூரா வந்த தலைகளிடமெல்லாம் வானிலை பற்றியே பேசினார். வந்தவர்கள் உடம்புக்கு என்ன என்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

அதற்கப்புறம் வந்தது அந்தப் போன்.

கம்பெனி ஆபீஸுக்கு மச்சானைக் கூப்பிட்டிருந்தார்கள். மாப்பிள்ளையிடம் பங்க்கைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். பார்த்துக்கொள்ள அங்கே ஒரு பூனை மட்டும் இருந்தது. காலையில் அங்கிருந்து கூப்பிட்டார். குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"மாப்ள, தொட்டியில கோலை விட்டுப் பாத்துச் சொல்றீங்களா? நான் ஆபீசர் முன்னாடி உக்காந்திருக்கேன். லோடு எடுத்து ரொம்ப நாளாச்சுன்னு முறைக்கிறாரு. இடம் இருந்தா இப்பவே கேட்டுடறேன்."

பங்க்கில் பெட்ரோல் இருப்பது தரைக்கடியில், தொட்டியில். மூடியைத் திறந்து, ஆள் உயரத்தைவிடப் பெரிய பித்தளைக் கோலை உள்ளே இறக்க வேண்டும். கோலில் ஒரு பசையைத் தடவி இறக்கினால், பெட்ரோல் தொட்ட இடம் வரைக்கும் பசை நிறம் மாறும். அந்தக் கோடு கீழே இருந்தால் தொட்டியில் இடம் இருக்கிறது, மேலே இருந்தால் இல்லை. டேங்கர் லாரியில் அறை அறையாகப் பெட்ரோல் வரும். எடுத்தால் ஒரு முழு அறையும் எடுக்க வேண்டும். பாதி இறக்கிவிட்டு மிச்சத்தைக் கொண்டு போ என்கிற பேச்சே கிடையாது.

மைலேஜார் கோலை இறக்கினார், எடுத்தார், பார்த்தார். கோடு எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இல்லை. மேலே, ரொம்ப மேலே, மாடியில் நின்று வேடிக்கை பார்க்கிற மாதிரி இருந்தது. போன லோடு வந்ததிலிருந்து பெட்ரோல் இறங்கவே இல்லையோ என்று இருந்தது. துடைத்துவிட்டு மறுபடி இறக்கினார். அதே கோடு.

அந்தக் கோட்டை அவர் பார்க்கவில்லை, அந்தக் கோடுதான் அவரைப் பார்த்தது. பல் டாக்டரும், சகலையும், லாண்டரிக்காரரும், அவர் பேசிப் பேசிக் கார் வாங்க வைத்த ஒவ்வொரு தலையும் அந்தப் பித்தளைக் கோலில் வரிசையாகத் தெரிந்தன.

"என்ன மாப்ள, இருக்கா?" போனில் மச்சான் கேட்டார். பின்னால் யாரோ பேனாவைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

இல்லை என்று சொல்ல வேண்டும். ஒரே ஒரு வார்த்தை. ஊரில் எல்லோர் காதிலும் ரத்தம் வரப் பேசுகிற வாய்க்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை. லோடு வருவதற்கு எப்படியும் நாளைக்கு ஆகிவிடும், அதற்குள் நாலு வண்டி வராதா, கொஞ்சம் இறங்காதா என்று மனசு அவசர அவசரமாக ஒரு கணக்குப் போட்டது.

"இருக்கு மச்சான். நல்லா இறங்கியிருக்கு."

"அப்படியா மாப்ள?" என்றார் மச்சான். அந்தக் குரலில் இருந்த சந்தோஷம் இருக்கிறதே, மைலேஜார் அதைக் கேட்டு எத்தனை வருஷம் ஆகியிருக்கும்! ஏன் கேட்டோம் என்று இருந்தது.

சாயங்காலம் மச்சான் வந்து கோலை எடுக்கவில்லை. இந்தக் கொஞ்ச விற்பனைக்குத் தொட்டி அவ்வளவு இறங்க நியாயம் இல்லை என்று அவருக்கும் தெரியாதா என்ன? ஆனால் மாப்பிள்ளை பார்த்துச் சொன்னதை மறுபடி பார்ப்பது மாப்பிள்ளையைச் சந்தேகப்படுவது மாதிரி. அதோடு, கேட்ட நல்ல சேதியைக் கலைக்க யாருக்குத்தான் மனசு வரும்? பூனைக்குக்கூட அன்றைக்குப் பால் வைத்தார்.

மறுநாள் காலையில் டேங்கர் வந்தது. வாசலை அடைத்துக்கொண்டு, ஒரு கல்யாண மண்டபமே சக்கரம் வைத்து வந்த மாதிரி வந்து நின்றது. டிரைவர் இறங்கி, "முதலாளி, ரொம்ப நாளாச்சு!" என்றார். இறக்குவதற்கு முன்னால் டிரைவரும் ஒரு தடவை கோலை விட்டுப் பார்க்க வேண்டும் என்பது முறை. பார்த்தார். பார்த்துவிட்டு மச்சானிடம் கோலைக் காட்டினார்.

மச்சான் கோட்டைப் பார்த்தார். அப்புறம் சலூன் வாசலில், கையில் சீப்போடு நின்ற மாப்பிள்ளையைப் பார்த்தார். மைலேஜார் பேயறைந்த மாதிரி நின்றார்.

"யாரு முதலாளி இதைப் பாத்து லோடு கேட்டது?"

"நான்தான். கண்ணாடி போடாம பாத்துட்டேன்" என்றார் மச்சான்.

மச்சானுக்குக் கழுகுக் கண். தெருக்கோடியில் வருகிற வண்டியின் நம்பரைப் படிப்பார். கண்ணாடி என்று அவரிடம் ஒன்று இருந்ததே இல்லை. அறைந்திருந்தால்கூட மைலேஜாருக்கு இவ்வளவு வலித்திருக்காது.

டிரைவர் தலையைச் சொறிந்தார். "லோடு திரும்பினா உங்க பேரை அடிச்சிருவாங்க முதலாளி. அந்தப் பக்கம் ரெண்டு பங்க்கை அப்படித்தான் அடிச்சாங்க. ஒண்ணு பண்றேன். சாயங்காலம் வரைக்கும் நிக்கிறேன், வண்டி மக்கர் பண்ணுதுன்னு சொல்லிக்கிறேன். அதுக்குள்ள வித்து இடம் பண்ணுங்க. அதுக்கு மேல டிப்போ கேட்டை மூடிருவான்."

மைலேஜார் சீப்பை வீசிவிட்டுப் போனை எடுத்தார். அவர் சொல்லிக் கார் வாங்கிய அத்தனை பேரையும் கூப்பிட்டார். "உடனே பங்க்குக்கு வாங்க, டேங்க்கை ரொப்பிக்கங்க, என் மானம் போகுது." ஒரு நாவிதரின் பேச்சைத் தட்ட யாருக்குத் துணிச்சல் வரும்? அடுத்த தடவை அவர் கையில்தானே தலையைக் கொடுக்க வேண்டும்! வந்தார்கள். ஒருத்தர் பின்னால் ஒருத்தராக, தெருமுனை வரைக்கும் வரிசை. பங்க் திறந்த நாளில்கூட அப்படிக் கூட்டம் இருந்திருக்காது. மச்சான் முகத்தில்கூட ஒரு வெளிச்சம் வந்தது. குழாயை எடுத்தார்.

முதலில் பல் டாக்டர். 'டக்' என்று நின்றது.

"என்ன டாக்டர், ஒரு கொப்புளிக்கிற அளவுகூடப் போகலியே!" என்றார் மைலேஜார்.

"போன மாசம் போட்டது இன்னும் அப்படியே இருக்கே. நீங்கதான சொன்னீங்க, ஞாபகம் வந்தா போட்டா போதும்னு? இன்னிக்கு நீங்க ஞாபகப்படுத்தினீங்க, வந்துட்டேன்."

அடுத்து லாண்டரிக்காரர். 'டக்'. அதற்கடுத்து அவர் தம்பி. 'டக்'. சகலை வந்தார், அதாவது மனைவியின் தங்கை புருஷன். ஜன்னலை இறக்கி, "சகலை, பச்சப்புள்ளைக்குப் பால் புகட்டுற மாதிரி மெதுவா ஊத்தச் சொல்லுங்க, புரையேறிடப் போகுது" என்றார். 'டக்'. மைலேஜார் மட்டும் சிரிக்கவில்லை. சகலைக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. "நான் வேணா ஊரைச் சுத்திட்டு மறுபடி வரட்டுமா?" என்று கேட்டார்.

அந்தப் பேச்சு மைலேஜாருக்குப் பிடித்துக்கொண்டது. தன் காரில் ஏறினார். ஓட்டி ஓட்டி எரித்துவிட்டு வந்து ரொப்ப வேண்டும் என்று புறப்பட்டார். மனைவியும் ஏறிக்கொண்டார், கோபத்தோடு. இத்தனை நாள் முட்டையை மிதிப்பது மாதிரி மிதித்தவர், அன்றைக்குப் பாம்பை மிதிப்பது மாதிரி மிதித்தார். ஏசியைக் குளிர் தாங்காத அளவுக்கு வைத்தார். பட்டப்பகலில் விளக்கைப் போட்டார். வைப்பரைப் போட்டார், வானத்தில் மேகமே இல்லை. மேட்டில் பறந்தார், பள்ளத்தில் பிரேக்கைக் குத்தினார்.

பிரேக்கைக் குத்தக் குத்த, குடிக்காதவன் வயிறு நிறைந்தது. வயிறு நிறைய நிறைய, அவனே காரை இழுத்துக்கொண்டு போனான். குடிக்கிறவன் சுருண்டு படுத்துவிட்டான்.

"குடிடா! குடிச்சுத் தொலைடா!" என்று ஸ்டியரிங்கைத் தட்டினார் மைலேஜார்.

திரையில் ஒரு பச்சை இலை முளைத்தது. 'நன்றாக ஓட்டுகிறீர்கள்' என்று எழுத்து வந்தது.

மனைவி அதைப் பார்த்தார். இத்தனை நேரம் அடக்கி வைத்திருந்த அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒன்று வந்துவிட்டது. "எங்கண்ணன் கண்ணாடி போடாம பாத்தாராம்" என்றார் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு. "கண்ணாடி போடாம பாத்தாராம்ங்க."

மைலேஜார் வைப்பரை நிறுத்தினார். காரைத் திருப்பினார்.

பங்க்கில் வரிசை தீர்ந்திருந்தது. டிரைவர் கோலை விட்டுப் பார்த்துவிட்டு, கோடு இறங்கியதா இல்லை தன் கண்ணுக்கு அப்படித் தெரிகிறதா என்று யோசித்துக்கொண்டிருந்தார். வெயில் சாய ஆரம்பித்தது.

அப்போதுதான் மச்சான் மெல்லச் சொன்னார். "மாப்ள, யானை இருக்கே."

யானை என்றால் குவாரிக்காரரின் பழைய பெட்ரோல் ஜீப். அது வருகிறது என்றால் ரெண்டு தெரு தள்ளியே தகரம் அதிரும். டேங்க்குக்கு அடியே கிடையாதோ என்று சந்தேகம் வரும், அப்படிக் குடிக்கும். அது போதாதென்று குவாரியில் பெட்ரோலில் ஓடுகிற மிஷின்களுக்கு டிரம் டிரம்மாக வேறு பிடித்துக்கொண்டு போவார். பங்க் இத்தனை நாள் மூச்சு விட்டதே அந்த ஒரு யானையால்தான்.

மைலேஜார் போன் போட்டார். "வந்துட்டே இருக்கேன், உங்களத்தான் பாக்க வர்றேன்" என்றார் குவாரிக்காரர். மைலேஜார் சத்தமாகவே கும்பிடு போட்டார். டிரைவர் டேங்கர் குழாயை எடுத்து ரெடியாக மாட்டினார். மச்சான் சட்டையைச் சரிபண்ணிக்கொண்டார். எல்லோரும் தெருப்பக்கம் காதை வைத்துக்கொண்டு நின்றார்கள், தகரம் அதிர்கிறதா என்று.

தகரம் அதிரவில்லை. ஒரு சத்தமும் இல்லை. சத்தமே இல்லாமல் புத்தம்புது வெள்ளைக் கார் ஒன்று, பூனை நடக்கிற மாதிரி வந்து அவர்கள் காலடியில் நின்றது. கதவைத் திறந்து குவாரிக்காரர் இறங்கினார், வாயெல்லாம் பல்லாக.

"எப்படி இருக்கு? நீங்க சொன்ன அதே வண்டி!"

மைலேஜார் புது வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "நீங்க... நான் சொல்லும்போது நாற்காலியில தூங்கிட்டுல்ல இருந்தீங்க? குறட்டை விட்டீங்களே!"

"கண்ணுதானய்யா தூங்கிச்சு, காது தூங்குமா? குவாரிக்கும் கரண்ட் இழுத்துட்டேன், மிஷினெல்லாம் அதுலதான். ஜீப்பை இன்னிக்குக் காலையிலதான் பழைய இரும்புக்காரன் ஓட்டிட்டுப் போனான். போகும்போதுகூட அவன் டேங்க்கை ரொப்பணும்னான், பாவம்." சொல்லிவிட்டு, "இதுல எவ்வளவு பிடிக்கும்னு போட்டுப் பாருங்க முதலாளி, உங்க கைராசி" என்றார் மச்சானிடம்.

மச்சான் குழாயை எடுத்தார். மூடியைத் திறந்து, ஒரு துளி சிந்தாமல், மாப்பிள்ளை காருக்குப் போடுகிற அதே பக்குவத்தோடு போட்டார். ஷோரூமிலேயே ரொப்பிக் கொடுத்திருந்தார்கள் போல. 'டக்'.

"நல்ல வண்டிங்க. நல்லா வச்சிக்கங்க" என்றார்.

கொண்டுவந்த லோடோடு டேங்கர் கிளம்பியது. டிரைவர் ஏறுவதற்கு முன்னால் மச்சானின் கையைப் பிடித்துக்கொண்டார். "எல்லா இடத்துலயும் இதான் முதலாளி. அடுத்து என் வண்டியையும் நிறுத்திருவாங்க" என்று மட்டும் சொன்னார். வாசலை அடைத்து நின்ற மண்டபம் போனதும், பங்க் திடீரென்று ரொம்பப் பெரிசாகத் தெரிந்தது. பூனை நடுவில் வந்து உட்கார்ந்தது. விரட்ட ஆள் இல்லை.

மைலேஜார் கடைக்குள் போய், சுத்தமாக இருந்த கத்தரிகளையெல்லாம் மறுபடி துடைத்தார். டிவியைப் போடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார், எழுந்துகொண்டார். மச்சான் உள்ளே வந்தது கண்ணாடியில்தான் தெரிந்தது. வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வெட்டுங்க மாப்ள. நாளைக்கு ஒருத்தரைப் பாக்கப் போகணும்."

மைலேஜார் துணியைச் சுற்றினார். முடிச்சு ரெண்டு தடவை அவிழ்ந்தது. "மச்சான், அந்தக் கோலு..." என்று ஆரம்பித்தார்.

"விடுங்க மாப்ள. இருக்குன்னு நீங்க சொன்னப்ப நல்லா இருந்துச்சு எனக்கு." மச்சான் தொண்டையைச் செருமினார். "டாக்ஸி ஓட்ட ஆள் கேக்குறாங்களாம். சொந்த வண்டியோட வந்தா நல்லதுங்கிறாங்க."

கத்தரி ஓட ஆரம்பித்தது. அப்புறம் மச்சான் கண்ணாடியில் மாப்பிள்ளையின் கண்ணைப் பார்த்து, இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடக் கேட்காததைக் கேட்டார்.

"அந்த வண்டி எவ்வளவு மாப்ள குடுக்குது?"

மைலேஜார் வாயைத் திறந்தார். இருபத்துநாலு, இருபத்தெட்டு, முப்பத்திரண்டு எல்லாம் தொண்டைக்குள் முண்டியடித்து வந்து நின்றன. ஒன்றுகூட வெளியே வரவில்லை.

"சொல்லுங்க மாப்ள. ஊருக்கெல்லாம் சொன்னீங்க. நெசமாத்தான் கேக்குறேன்."

கத்தரி முடியில்லாத இடத்தில், காற்றில், சக் சக் என்று வெட்டிக்கொண்டே இருந்தது. வாசல் கூட்டிக்கொண்டிருந்த மனைவி விளக்குமாற்றை நிறுத்தினார். உள்ளே ஒரு தலை உட்கார்ந்திருக்கிறது, பேச்சுச் சத்தத்தையே காணோமே, மனுஷனுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயந்துபோய்ப் படியேறி எட்டிப் பார்த்தார்.